பிக்கப் டிரக்கில் நான்கு சக்கரத் திருப்பம்: இடத்தை அளப்பதிலிருந்து ட்ரெய்லர் இழுப்பது வரை

அமெரிக்காவில் ஓடும் முழு அளவு பிக்கப் டிரக் ஒன்றின் நீளம் ஆறு மீட்டரை ஒட்டி வரும். அங்கே கடைகளின் முன்னால் கோடு போட்டிருக்கும் பார்க்கிங் கட்டம் வழக்கமாக ஐந்தரை மீட்டர்தான். ஒரே வளைப்பில் வண்டியை உள்ளே விடுவது கஷ்டம். பாதி நுழைத்து, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி நுழைத்து என்று இரண்டு மூன்று முறை ஸ்டீயரிங்கை ஒடித்தால்தான் நேராக நிற்கும். இந்தச் சிரமத்தைக் குறைக்க வந்ததுதான் பின்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் ஏற்பாடு. ஜிஎம்சி ஹம்மர் ஈவி, ஜிஎம்சி சியரா ஈவி, செவ்ரோலே சில்வராடோ ஈவி, டெஸ்லா சைபர்டிரக் என்று பெரிய மின்சார பிக்கப்களில் இப்போது இதைப் பார்க்கலாம். பெட்ரோல் டிரக்கில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துபோனது.

இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு இன்னும் கை பழகாதவர்களுக்கும் இந்த வழிகாட்டி. இதில் நான் அதிகம் எழுதப்போவது வண்டியின் பின்பக்கத்தைப் பற்றித்தான். திரும்ப வேண்டிய இடம் குறைகிறது என்பதை விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். பின்பக்கம் வெளியே வீசும் என்பதை நாமாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஃபோர் வீல் டிரைவ் வேறு, ஃபோர் வீல் ஸ்டீயரிங் வேறு. இழுவிசை எந்தெந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்பதைச் சொல்வது டிரைவ். எந்தெந்தச் சக்கரங்கள் இடவலமாகத் திரும்புகின்றன என்பதைச் சொல்வது ஸ்டீயரிங். நான்கு சக்கரமும் இழுக்கும் டிரக்குகள் ஏராளம். அவற்றில் மிகச் சிலவற்றில்தான் நான்கும் திரும்பும். பழைய வண்டி விளம்பரங்களில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். ஆகவே "பின்சக்கரம் திரும்புமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நீளமான கட்டிலை இருவர் தூக்கிக்கொண்டு வாசலில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். முன்னால் இருப்பவர் மட்டும் திரும்பி, பின்னால் இருப்பவர் நேராகவே வந்தால் கட்டில் நிலையில் இடிக்கும். முன்னவர் இடப்பக்கம் போகும்போது பின்னவர் வலப்பக்கம் ஓரடி எடுத்து வைத்தால் கட்டில் நடுவில் சுழன்று சுலபமாக நுழைந்துவிடும். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் செய்வது இதைத்தான். முன்சக்கரம் இடது என்றால் பின்சக்கரம் வலது. வேகம் கூடியதும் இது மாறுகிறது: முன்சக்கரம் திரும்பும் பக்கத்துக்கே பின்சக்கரமும் சில டிகிரி திரும்பும். அப்போது வண்டி சுழலாமல் மொத்தமாக ஒரு பக்கம் நகரும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓர் எடுத்துக்காட்டு வண்டியை வைத்துக்கொள்வோம். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 3.64 மீட்டர். முன்சக்கரங்கள் சராசரியாக 32 டிகிரி திரும்புகின்றன. பின்சக்கரம் திரும்பாவிட்டால், வண்டி சுற்றும் மையப்புள்ளி பின் ஆக்சிலின் நேர்க்கோட்டில், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 5.8 மீட்டர் தள்ளி இருக்கும். பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் 12 டிகிரி திரும்பினால் அந்தத் தூரம் 4.35 மீட்டராகக் குறையும். அதோடு, மையப்புள்ளி பின் ஆக்சிலை விட்டு 90 சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் நகர்ந்துவிடும். திரும்பும் விஷயத்தில் அந்த டிரக் 2.7 மீட்டர் வீல்பேஸ் உள்ள காரைப் போல நடந்துகொள்ளும். முனையில் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வருமே, அதுவும் குறைகிறது. முன்சக்கரம் போகும் வட்டத்துக்கும் பின்சக்கரம் போகும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளி இந்த வண்டியில் ஒரு மீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டருக்கு வந்துவிடும்.

மையப்புள்ளி முன்னால் நகர்கிறது என்ற அந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வீசுவதற்குக் காரணமே அதுதான்.

வந்த வழி

1987-ல் ஹோண்டா பிரெலூட் காரில் இது முழுக்க இயந்திர அமைப்பாகவே வந்தது. முன் ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து, அதாவது சக்கரங்களை இடவலமாகத் தள்ளும் பல்தண்டிலிருந்து, ஒரு நீண்ட தண்டு பின்னால் போகும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் பின்சக்கரம் அதே பக்கம் திரும்பும், நிறையத் திருப்பினால் எதிர்ப்பக்கம் திரும்பும். வேகத்தை அளக்கும் வேலையே அதில் கிடையாது. நெடுஞ்சாலையில் யாரும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கமாட்டார்கள் என்ற நடைமுறை அறிவை வைத்தே அமைத்துவிட்டார்கள். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

பிக்கப்புக்கு வந்தது குவாட்ராஸ்டீர். டெல்ஃபி நிறுவனம் உருவாக்கி, ஜெனரல் மோட்டார்ஸ் 2002 மாடல் ஜிஎம்சி சியரா டெனாலியில் முதலில் கொடுத்தது. பிறகு செவ்ரோலே சில்வராடோ, சபர்பன், ஜிஎம்சி யூகான் எக்ஸ்எல் ஆகியவற்றிலும் கிடைத்தது. பின் ஆக்சிலின் மேலேயே மின்மோட்டாரால் இயங்கும் ஒரு ரேக்கை வைத்திருந்தார்கள். குறைந்த வேகத்தில் பின்சக்கரம் எதிர்ப்பக்கம் 12 டிகிரி வரை திரும்பும். சியராவின் திருப்புவட்டம், அதாவது முழுதாக ஒடித்துச் சுற்றும்போது வண்டி போடும் வட்டத்தின் விட்டம், சுமார் 14.4 மீட்டரிலிருந்து 11.4 மீட்டருக்கு இறங்கியது. ஒரு சுமாரான காரின் அளவு அது.

இவ்வளவு நல்ல பொருள் 2005 மாடலோடு நின்றுபோனது. தொடக்கத்தில் கூடுதல் விலை பல ஆயிரம் டாலர். பிறகு இறக்கிப் பார்த்தும் வாங்குபவர்கள் அதிகம் வரவில்லை. சுமார் 16,500 வண்டிகளோடு கதை முடிந்தது. ஷோரூமிலிருந்து நேர்ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு இதன் அருமை தெரிய வாய்ப்பே இல்லை. குறுகிய சந்தில் ட்ரெய்லரோடு மாட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும்.

மின்சார டிரக்குகள் வந்ததும் நிலைமை மாறியது. பேட்டரிக்காக வீல்பேஸ் நீண்டது, எடை கூடியது. பின்பக்கத்தில் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டதால் அதில் ஒரு மோட்டாரைச் சேர்ப்பதும் சுலபமாயிற்று. ஹம்மர் ஈவியிலும் சைபர்டிரக்கிலும் பின்சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும். ஹம்மர் ஈவி பிக்கப்பின் திருப்புவட்டம் 11.3 மீட்டர். சில்வராடோ ஈவியின் ஆர்எஸ்டி வகையில் 12.9 மீட்டர், சைபர்டிரக்கில் 13.3 மீட்டர். சில்வராடோவின் வீல்பேஸ் 3.7 மீட்டர், ஹம்மரின் வீல்பேஸ் 3.44 மீட்டர். பின்சக்கரம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதை மட்டும் பார்த்து வண்டிகளை ஒப்பிடாதீர்கள். வீல்பேஸும், முன்சக்கரம் எவ்வளவு ஒடியும் என்பதும் சேர்ந்துதான் முடிவு வரும்.

முதல் படி: அட்டவணையில் உள்ள எண்ணைச் சரியாகப் படியுங்கள்

இந்திய கார் விளம்பரங்களில் பெரும்பாலும் திரும்பும் ஆரத்தைப் போடுவார்கள். அமெரிக்க அட்டவணைகளில் வட்டத்தின் முழு விட்டம் இருக்கும், அதுவும் அடிக்கணக்கில். ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு. "5.7" என்று ஓரிடத்திலும் "11.4" என்று இன்னோரிடத்திலும் பார்த்தால் இரண்டும் ஒரே வண்டியாக இருக்கலாம்.

அடுத்தது, அந்த வட்டம் எதைக் கொண்டு அளக்கப்பட்டது என்பது. நடைபாதை விளிம்புக்கு விளிம்பு என்றால் வெளிப்புற முன்டயர் போகும் பாதை. சுவருக்குச் சுவர் என்றால் முன் பம்பரின் வெளிமூலை போகும் பாதை. நான் மேலே எடுத்த வண்டியில் இரண்டுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அட்டவணைகளில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும், ஏனென்றால் அது சிறியது. சுற்றிலும் சுவர் உள்ள பார்க்கிங் தளத்தில் வண்டி நிற்குமானால் கூடுதலாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் சேர்த்தே யோசியுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் இடத்தை அளந்து பாருங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் தினமும் போய்வரும் இடங்களில் மிக நெருக்கமான திருப்பம் எது என்று பாருங்கள். வீட்டு கராஜின் முன்னால் உள்ள சந்தாக இருக்கலாம், அலுவலகப் பார்க்கிங்கின் சரிவுப்பாதையாக இருக்கலாம், படகை இறக்கும் துறையாக இருக்கலாம். அந்த ஓர் இடத்தை மட்டும் அளந்தால் போதும்.

சாலைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் பெரிய சாலைகளின் ஒரு லேன் வழக்கமாக 3.66 மீட்டர். நடுவில் தடுப்பு இல்லாத நான்கு லேன் சாலை என்றால் 14.6 மீட்டர். 14.4 மீட்டர் வட்டம் உள்ள டிரக் அதில் யூ டர்ன் அடித்தால் இரு ஓரத்தையும் உரசிக்கொண்டுதான் வரும். நடைமுறையில் ஒருமுறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். 11.4 மீட்டர் வட்டம் உள்ளது ஒரே வளைப்பில் திரும்பி, மூன்று மீட்டர் மிச்சமும் வைக்கும்.

அளந்து பார்த்த பிறகு, உங்கள் நெருக்கமான இடத்துக்குச் சாதாரண டிரக்கே போதும் என்று தெரிந்தால் இதற்காகக் கூடுதல் பணம் போடாதீர்கள். பண்ணை நிலமும் நெடுஞ்சாலையும் மட்டும் ஓட்டுபவருக்கு, ட்ரெய்லரும் இல்லையென்றால், இதன் பயன் குறைவு. நகருக்குள் ஓட்டுபவர்கள், படகு அல்லது கேரவன் இழுப்பவர்கள், குறுகிய சந்தில் வீடு உள்ளவர்கள் இவர்களுக்குத்தான் இது தினசரி உதவி.

மூன்றாம் படி: காலி மைதானத்தில் வண்டியின் பின்பக்கத்தைப் பழகுங்கள்

வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் ஒரு பார்க்கிங் தளம், ஐந்தாறு காலி அட்டைப்பெட்டிகள், சாக்பீஸ், கூட ஒருவர். வேறு எதுவும் வேண்டாம்.

அட்டைப்பெட்டிகளை ஒரே வரிசையாக வையுங்கள். அதற்கு இணையாக, 60 சென்டிமீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பெட்டிகள் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். பின் பம்பரின் வலது மூலைக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்து, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்து, நடக்கும் வேகத்தில் முன்னால் போகவிடுங்கள். கூட இருப்பவர் பம்பர் மூலைக்குப் பின்னாலேயே வந்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வரட்டும். அவர் பெட்டி வரிசைக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கக்கூடாது, வண்டிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முக்கியமான எச்சரிக்கை இது.

இறங்கி வந்து அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். கோடு முதலில் பெட்டிகளை நோக்கி வெளியே வளைந்து, அப்புறம்தான் உள்ளே திரும்பியிருக்கும். எவ்வளவு வெளியே? நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு வண்டியில் பின் ஆக்சிலுக்குப் பின்னால் 1.2 மீட்டர் நீட்சி இருந்தால், முன்சக்கரம் மட்டும் திரும்பும்போது மூலை 10 சென்டிமீட்டர் வெளியே போகும். 12 டிகிரி பின்சக்கரத் திருப்பத்தோடு 40 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு முழம். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனம் அதை நம்பாது, ஏனென்றால் இத்தனை வருடம் ஓட்டிய எந்தக் காரும் அப்படி வீசியதில்லை. தரையில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தால்தான் நம்பும்.

பின்சக்கரத் திருப்பத்தை நிறுத்திவைக்க வசதி உள்ள வண்டி என்றால், நிறுத்திவிட்டு இதையே மறுபடி செய்து வேறு நிறச் சாக்பீஸால் குறியுங்கள். குவாட்ராஸ்டீரில் டாஷ்போர்டிலேயே அதற்கு சுவிட்ச் உண்டு. இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை.

அப்புறம் வலப்பக்கமும் செய்யுங்கள். டிரைவர் இருக்கையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியாது.

நான்காம் படி: நடைபாதை ஓரமும் பங்க் தூணும்

சாதாரண வண்டியில் பின்டயர் ஒருபோதும் வெளிப்பக்கம் நகராது. அது நேராகவோ உள்பக்கமாகவோதான் போகும். ஆகவே நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தியிருந்தாலும் முழுதாக ஒடித்து வெளியே வந்துவிடலாம். நான்கு சக்கரத் திருப்பத்தில் அந்த வழக்கம் செல்லாது. முன்னால் போகத் தொடங்கியதும் பின்டயர் முதலில் விளிம்பை நோக்கித்தான் உருளும். எடுத்துக்காட்டு வண்டியில் அது 8 சென்டிமீட்டர். டயர் சாய்ந்து நிற்பதால் அதன் விளிம்பு வெளியே துருத்துவது இன்னொரு 8 சென்டிமீட்டர். ஆகவே விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு ஜாண் தள்ளி நிறுத்துங்கள். கிளம்பும்போது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்காமல், ஒரு மீட்டராவது கிட்டத்தட்ட நேராகப் போய்விட்டு அப்புறம் ஒடியுங்கள். பெரிய அலாய் வீல்களில் கீறல் விழுவது இந்த இடத்தில்தான்.

இதைவிட ஆபத்தான இடம் பெட்ரோல் பங்க். பம்புகளைக் காக்க நட்டிருக்கும் இரும்புத் தூண்கள் வண்டியின் பக்கத்திலேயே, பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு அருகில் நிற்கும். மின்சார வண்டிக்குச் சார்ஜர்களின் முன்னாலும் அதே தூண்கள்தான். முன்னால் இன்னொரு வண்டி நிற்கிறதே என்று முழுதாக ஒடித்து வெளியே எடுத்தால் வண்டியின் பின்மூலை தூணில் போய்ச் சாயும். முன்னால் நிற்பவர் போகும்வரை காத்திருங்கள், அல்லது கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இங்கே இடம் இல்லை.

ஐந்தாம் படி: ரிவர்ஸில் கட்டத்துக்குள் நுழைவது

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் சுகம் முழுதாகத் தெரியும். பின்னால் போகும்போது பின்சக்கரங்கள்தான் வழிகாட்டி. அவையே திரும்புவதால் வண்டியின் பின்பகுதி கட்டத்துக்குள் தானாக நுழைவதுபோல் போகும்.

ஒடிக்கத் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய டிரக்கில் பழகிய இடத்திலேயே ஒடித்தால் வண்டி சீக்கிரம் திரும்பி, பக்கத்து வண்டியின் மேல் போகும். என் கணக்கில் சுற்றும் மையம் ஒன்றரை மீட்டர் நெருங்கி வந்துவிட்டது. ஆகவே குறைந்தது அந்த அளவாவது தாமதமாக ஒடிக்க வேண்டும். காலி தளத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஒடிக்கும் நேரத்தில் கட்டத்தின் கோடு கண்ணாடியில் எங்கே தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில முறை செய்தால் அந்தக் குறி கண்ணில் நின்றுவிடும்.

சைபர்டிரக் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பழக்கமும் தேவைப்படும். அதில் ஸ்டீயரிங் வீலுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இரும்புத் தண்டு இல்லை, எல்லாம் மின்சைகைதான். நேராக இருக்கும் ஸ்டீயரிங் வீலை அரைச் சுற்றுக்குள் திருப்பினாலே சக்கரங்கள் முழுதாக ஒடிந்துவிடும். கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒன்பது மணி, மூன்று மணி நிலையில் கைகளை வைத்து அப்படியே சாய்க்கப் பழகுங்கள்.

நண்டு நடை எதற்கு உதவும்

ஹம்மர் ஈவி, சியரா ஈவி ஆகியவற்றில் கிராப்வாக் என்று ஒன்று உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் நான்கு சக்கரமும் ஒரே பக்கம், ஒரே அளவு திரும்பி வண்டி சாய்வாக நகரும். விளம்பரத்தில் பார்த்தால் அப்படியே பக்கவாட்டில் போய்ப் பார்க்கிங்கில் நின்றுவிடும் போலத் தோன்றும். அப்படி நடக்காது. 10 டிகிரி சாய்வில் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டுமானால் 5.7 மீட்டர் முன்னால் போக வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைய அது உதவாது.

காட்டுப் பாதையில் பாறைக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டும்போது இது நல்ல கருவி. வண்டி திரும்பாமல், பின்பக்கம் வீசாமல், ஒரு பக்கம் ஒதுங்கிப் போகும். ட்ரெய்லர் கொக்கிக்கு நேராக வண்டியை நிறுத்தும்போது ஒரு சாண் இந்தப் பக்கம் தேவைப்பட்டால், ஒன்றேகால் மீட்டர் முன்னால் போய் வந்தே அதைச் சரிசெய்யலாம். கட்டுமான இடங்களில் நீளும் கையால் சுமை தூக்கும் ஜேசிபி டெலிஹேண்ட்லர் வண்டிகளில் இந்த நண்டு நடை நெடுங்காலமாக இருக்கிறது. இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், நண்டு என்று மூன்று முறைகளை மாற்றி மாற்றித்தான் அவற்றை ஓட்டுகிறார்கள்.

ஆறாம் படி: நெடுஞ்சாலையும் ட்ரெய்லரும்

என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் பார்க்கிங்கில் இல்லை, ட்ரெய்லர் இழுப்பதில்தான் இருக்கிறது.

லேன் மாறும்போது சாதாரண டிரக் என்ன செய்கிறது? முன்சக்கரம் இடப்பக்கம் திரும்புகிறது. உடம்பு கொஞ்சம் சுழன்ற பிறகுதான் பின்டயர்கள் பக்கவாட்டு விசை கொடுக்கத் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில், பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி வலப்பக்கம் உதைக்கிறது. ட்ரெய்லரின் மூக்கு அந்த உதையை வாங்கிக்கொண்டு ஆடத் தொடங்குகிறது. பின்சக்கரமும் அதே பக்கம் சில டிகிரி திரும்பினால் பின்டயர்கள் உடனே விசை கொடுக்கும், உடம்பு குறைவாகச் சுழலும், கொக்கி உதைப்பதும் குறையும். பக்கக்காற்று அடிக்கும் பாலத்திலும், பெரிய லாரி கடந்துபோகும்போதும் இந்த நிதானம் தெரியும்.

குவாட்ராஸ்டீரில் இதற்கென்றே தனி டோ முறை இருந்தது. சாதாரண நான்கு சக்கர முறையைவிட அதில் குறைந்த வேகத்தில் எதிர்த்திருப்பம் கொஞ்சம் குறைவு. வேகத்தில் ஒரேபக்கத் திருப்பம் அதிகம். ட்ரெய்லர் மாட்டினால் அந்த பொத்தானை அழுத்த மறக்கக்கூடாது. ஸ்டீயரிங் நேராக வரும்வரை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன்பிறகே முறை மாறும். இன்றைய மின்சார டிரக்குகளில் ட்ரெய்லர் முறை திரையில் இருக்கிறது. அப்போது பின்சக்கரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் வேறெதையும் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது தனிக்கதை. ஸ்டீயரிங் வீலின் அடிப்பகுதியைப் பிடித்து, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்று சொல்லிக்கொடுப்பார்களே, அது இங்கேயும் பொருந்தும். ஆனால் கொக்கி பக்கவாட்டில் நகரும் வேகம் அதிகம். பழைய டிரக்கில் கால் சுற்றுத் திருப்பிய இடத்தில் இங்கே அதில் பாதி போதும். இல்லையென்றால் ட்ரெய்லர் சட்டென்று மடங்கி, அதன் முன்மூலை பம்பரில் இடிக்கும். பழகும்வரை இரண்டு சக்கர முறையிலேயே ரிவர்ஸ் எடுங்கள், அல்லது டோ முறையில் எடுங்கள். கை சரியான பிறகு நான்கு சக்கர முறையில் படகுத்துறைக்குப் போனால், முன்பு இடமே போதாத துறையிலும் முன்பகுதியைச் சுற்றி வளைத்து ட்ரெய்லரோடு நேர்ப்படுத்திவிடலாம்.

பராமரிப்பு

முன்பக்கம் தேயும் எல்லாமே இனி பின்பக்கமும் தேயும்: டை ராட் முனைகள், ரப்பர் பூட்டுகள், இணைப்பு மூட்டுகள். ஆயில் மாற்றும்போதெல்லாம் பின்பக்கத்தையும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் செய்யக் கொடுக்கும் இடத்தில், பின்சக்கரம் திரும்பும் வண்டி இது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்சக்கரத்தின் நடுநிலையைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்யும் கருவி அவர்களிடம் இருக்க வேண்டும். நடுநிலை தவறினால் நேர்ரோட்டில் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும், பின்டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். டயர் கடைக்காரர் பெரிய டயரோ அகல ரிம்மோ போடச் சொன்னால், பின்சக்கரம் முழுதாக ஒடிந்த நிலையில் உள்தட்டில் உரசுமா என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள். பனிக்காலத்தில் பின்டயருக்குச் சங்கிலி போடுவதற்கும் இதே கவனம் வேண்டும்.

பழைய குவாட்ராஸ்டீர் வண்டி வாங்குவதென்றால்

2002 முதல் 2005 வரை வந்த மாடல்கள்தான். பார்த்தாலே தெரியும்: பின்சக்கரம் வெளியே துருத்தித் திரும்ப இடம் வேண்டும் என்பதால் பின்பக்க மட்கார்டு அகலமாக உப்பியிருக்கும். அகலம் 80 அங்குலத்தைத் தாண்டியதால் அமெரிக்க விதிப்படி கூடுதல் அடையாள விளக்குகளும் இருக்கும். டாஷ்போர்டில் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, கூட வந்தவரை உள்ளே உட்காரவைத்து, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்றுகொள்ளுங்கள். அவர் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் திருப்பட்டும். பின்சக்கரம் இரு பக்கமும் ஒரே அளவு திரும்ப வேண்டும், தடங்கித் தடங்கி வரக்கூடாது. மோட்டார் மெல்லிய முனகலோடு வேலை செய்யும். கடகட சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். பிறகு குனிந்து பின் ஆக்சிலின் ரேக்கைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் உள்ள ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீரும் மண்ணும் போயிருக்கும். உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால் ஒயர் கட்டுகளின் இணைப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும்.

பழுது வந்தால் பின்சக்கரங்கள் நடுநிலைக்குத் திரும்பி அங்கேயே நிற்கும்படிதான் இதை அமைத்திருக்கிறார்கள். வண்டி சாதாரண டிரக்காக ஓடும், எச்சரிக்கை விளக்கு எரியும். அதனால் விற்பவர் "அது ஒரு சின்ன சென்சார் பிரச்சினைதான்" என்று சொல்லக்கூடும். ஸ்டீயரிங் நிலையை அறியும் சென்சார் பழுதாவது இந்த வண்டிகளில் வழக்கமாகக் காணப்படும் கோளாறுதான். உதிரிபாகம் கிடைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலும் உடைக்கப்போகும் வண்டிகளிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே விளக்கு எரிகிற வண்டிக்குச் சாதாரண சியராவின் விலைக்கு மேல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே பழுதுக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லி, அதற்கான பாகம் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.